குட்டை, கொட்டில், கொல்லை: கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையில், கடல் காற்று படுகிற தூரத்தில் எங்கள் பண்ணைக்குட்டை இருக்கிறது. 100 அடிக்கு 100 அடி, ஆழம் 5 அடி. பரப்பு ஏறக்குறைய 23 சென்ட். கரையில் கோழிக்கூண்டு, கொஞ்சம் தள்ளி மாட்டுக் கொட்டில், பத்துப் பதினைந்து ஆடு. தண்ணீர் பாயும் தூரத்தில் மிளகாய்க் கொல்லையும் வீட்டுக்கான காய்கறியும். ராமநாதபுரம் மாவட்டத்தில் இப்போது ஊருக்கு ஊர் இப்படிக் குட்டை வெட்டியிருக்கிறார்கள். பலரும் மீன் விட்டுப் பார்க்கிறார்கள். முதல் வருஷம் நன்றாக வருகிறது. அடுத்த வருஷம் மீன் மிதக்கிறது, அல்லது மிளகாய் கருகுகிறது, அல்லது கோழி கழிகிறது. மனசு விட்டுப்போய் குட்டையைச் சும்மா போட்டுவிடுகிறார்கள்.

மீன், மாடு, பயிர் மூன்றையும் சேர்த்து வைத்திருப்பவர்கள் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கோளாறு தெரிகிற இடம் ஒன்று, அது பிறந்த இடம் இன்னொன்று. கொட்டிலில் செய்த தவறு குட்டையில் தெரியும். குட்டையில் செய்தது கொல்லையில் தெரியும். மீன் செத்தால் மீனுக்கு மருந்து தேடி அலைவதற்கு முன், குட்டைக்குள் எது எவ்வளவு போகிறது, அதிலிருந்து எது எங்கே போகிறது என்று பாருங்கள். பத்தில் எட்டுத் தடவை விடை அங்கேதான் கிடைக்கும்.

கையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான்: ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும், பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டர், தண்ணீர் புளிப்பா காரமா என்று நிறத்தில் காட்டும் பி.ஹெச். தாள், ஒரு வாளி, ஒரு நோட்டு. நோட்டில் தேதி, தண்ணீர் மட்டம், மீட்டர் காட்டும் எண், குட்டைக்குப் போட்ட சாணம் எத்தனை கூடை, இவ்வளவும் எழுதினால் போதும். சரி, அறிகுறிக்கு வருவோம்.

விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது

இதற்குக் காரணம் மூச்சு முட்டுதல். பகலில் பச்சைப் பாசி வெயிலை வாங்கி ஆக்சிஜனைத் தண்ணீரில் விடுகிறது. இரவில் அதே பாசி மீனோடு போட்டி போட்டு ஆக்சிஜனை இழுக்கிறது. அடியில் மட்கும் சாணமும் தன் பங்குக்கு இழுக்கிறது. விடிவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. ஒரு லிட்டரில் 5 மில்லிகிராம் இருந்தால் கெண்டை சௌக்கியமாக இருக்கும். 3-க்குக் கீழே போனால் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

எந்த ராத்திரி ஆபத்து என்று முன்கூட்டியே சொல்லலாம். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மூன்று நாள் மேகமூட்டமாக இருந்து, வாடைக்காற்றும் நின்றுபோய், புழுங்குகிற ராத்திரி. வெயில் இல்லாததால் பகலில் ஆக்சிஜன் சேரவில்லை. காற்று இல்லாததால் தண்ணீர் புரளவில்லை. கோடையில் கச்சான் அடிக்கிற நாளில் தண்ணீர் சூடாக இருந்தாலும் அலை புரண்டுகொண்டே இருக்கும், அதனால் அப்போது பயம் குறைவு.

எனக்கு இது ஒரு நவம்பரில் நடந்தது. மழைக்கு முன் கோழிக்கூண்டைச் சுத்தம் பண்ணிவிடலாம் என்று எட்டுக் கூடை எச்சத்தை ஒரே நாளில் குட்டையில் கொட்டினேன். மூன்றாம் நாள் விடியலில் டார்ச் அடித்துப் பார்த்தால் குட்டை முழுக்க வட்ட வட்டமாக வாய்கள். தண்ணீர் கொதிப்பது மாதிரி இருந்தது. கரையோரம் இரண்டு கிலோ கட்லா ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து, செவுள் மட்டும் மெதுவாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. கையில் எடுத்தேன். துள்ளக்கூட அதற்குத் தெம்பு இல்லை. பக்கத்துக் கொல்லைப் பெரியப்பா வந்து நின்று பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "தம்பி, பெருசு மட்டும் செத்திருக்கா, சிறுசும் சேத்தா?" பெரிசு மட்டும்தான். "அப்ப மூச்சுதான். மோட்டாரப் போடு."

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது அவர் சொன்னதுதான். டீசல் இன்ஜினோ மோட்டாரோ எது இருக்கிறதோ, குட்டைத் தண்ணீரையே இறைத்து, உயரத்திலிருந்து பலகை மேலோ ஓட்டை போட்ட குழாய் வழியாகவோ திரும்பக் குட்டைக்குள் சிதறி விழும்படி விடுங்கள். வெயில் நன்றாக ஏறும்வரை நிறுத்தக் கூடாது. போர் தண்ணீரைக் குழாயை முக்கி நேரடியாக விடாதீர்கள். நிலத்தடித் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாகத்தான் இருக்கும். அதுவும் காற்றில் சிதறி விழுந்தால்தான் பயன். தீவனத்தையும் சாணத்தையும் குறைந்தது மூன்று நாளுக்கு நிறுத்துங்கள். பதறிப்போய்ச் சுண்ணாம்பு போடுகிறவர்கள் உண்டு, அது வேண்டாம். தண்ணீரில் அம்மோனியா சேர்ந்திருக்கும் நேரத்தில் சுண்ணாம்பு பி.ஹெச்.சை ஏற்றினால் அந்த அம்மோனியா இன்னும் கொடிய விஷமாகிவிடும்.

மறுபடி வராமல் இருக்கக் கணக்கைச் சரிசெய்ய வேண்டும். சாணம் போட்டுக் கெண்டை வளர்ப்பதற்குச் சொல்லப்படும் அளவு ஹெக்டேருக்கு வருஷத்துக்கு 10 டன். 23 சென்ட் என்பது ஒரு ஹெக்டேரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கு வருவது வருஷத்துக்கு 900 கிலோ, வாரத்துக்கு 17 கிலோ போல. ஒரு நாட்டு மாடே நாளைக்குப் பத்துக் கிலோ போல போடும். அப்படியானால் உங்கள் ஒரே மாட்டின் சாணத்தில் நாலில் ஒரு பங்குதான் குட்டைக்கு. மீதி எருக்குழிக்கோ மண்புழு உரத்துக்கோ போக வேண்டும். கோழி வைத்தால் ஹெக்டேருக்கு 500 என்பார்கள், நம் குட்டைக்கு 45 வரும். வாத்து ஹெக்டேருக்கு 200 முதல் 300, நமக்கு இருபது. இதில்தான் பலர் தவறுகிறார்கள். மாடும் வைத்து, 45 கோழியும் வைத்து, இருபது வாத்தும் விட்டுவிட்டு, எல்லாம் புத்தகத்தில் சொன்ன அளவுதானே என்பார்கள். அந்த அளவு ஒவ்வொன்றும் தனியாக இருந்தால் மட்டுமே பொருந்தும். மூன்றும் சேர்ந்தால் குட்டைக்கு மூன்று மடங்கு சோறு.

பகலில், திடீரென்று, சிறிதும் பெரிதும் சேர்ந்து சாகிறது

பெரியப்பாவின் கேள்விக்கு இன்னொரு பதில் இது. தவளைக்குஞ்சு, தண்ணீர்ப்பூச்சி, சின்னக் குஞ்சு, பெரிய மீன் எல்லாம் ஒரே நாளில் மிதந்தால் விஷம் கலந்திருக்கிறது. மிளகாய்க்கும் பருத்திக்கும் அடிக்கிற பூச்சிமருந்தில் சைபர்மெத்ரின் வகையெல்லாம் மீனுக்கு மிகக் கொஞ்சமே போதும். மழைத்தண்ணீரோடு வழிந்து வந்ததா, ஸ்பிரேயரைக் குட்டையில் கழுவினார்களா, காற்று குட்டைப் பக்கம் அடிக்கும்போது தெளித்தார்களா என்று விசாரியுங்கள். பக்கத்துக் கொல்லைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், மருந்தடிக்கும் நாளை முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். கொல்லைத் தண்ணீர் குட்டைக்குள் இறங்குகிற பக்கம் ஒரு சின்ன வரப்பும், ஆறடி அகலத்துக்குப் புல்லும் இருந்தால் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும்.

செத்த மீனை வீட்டுக்கும் வேண்டாம், கோழிக்கும் வேண்டாம். ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

தண்ணீரின் நிறம் சரியில்லை

கையை நேராகத் தண்ணீருக்குள் விடுங்கள். முழங்கை நனைகிறபோது உள்ளங்கை மங்கலாகி மறைந்தால் பாசி அளவாக இருக்கிறது. மணிக்கட்டு நனைவதற்குள்ளேயே மறைந்தால் உரம் அதிகம். முழங்கை தாண்டியும் விரல் எண்ண முடிந்தால் பட்டினித் தண்ணீர், கொஞ்சம் சாணக்கரைசல் ஊற்றலாம். பச்சைப் பெயின்ட் ஊற்றியது போல மேலே படலம் கட்டினாலோ, வெயில் ஏறும்போது செந்நிறப் படலம் வந்தாலோ எல்லா எருவையும் நிறுத்திவிட்டு, படலத்தைக் காற்று ஒதுக்கும் மூலையிலிருந்து பழைய சேலையால் வாரி வெளியே போடுங்கள். அது எருக்குழிக்கு நல்ல சரக்கு.

கரிசல் மண்ணில் வெட்டிய குட்டைகளில் வேறொரு தொல்லை உண்டு. மழை நின்று ஒரு மாதமாகியும் தண்ணீர் தேநீர் மாதிரி கலங்கியே கிடக்கும். வெயில் உள்ளே போகாது, பாசி வளராது, மீனும் வளராது. இங்கே மண்ணில் சோடிய உப்பு அதிகம். அதனால் களிமண் துகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதந்துகொண்டே இருக்கும். ஜிப்சம் போட்டால் துகள் திரண்டு கீழே இறங்கும். நேரடியாகக் குட்டையில் கொட்டாமல், முதலில் 10 லிட்டர் வாளியில் குட்டைத் தண்ணீர் எடுத்து அரைத் தேக்கரண்டி ஜிப்சம் கலக்கி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் தெளிந்திருந்தால் அந்த விகிதம் வேலை செய்கிறது. குட்டையில் 1,000 கன மீட்டர் தண்ணீர் இருந்தால் 250 கிலோ வரும். தெளியாவிட்டால் பணத்தைக் குட்டையில் போடாதீர்கள். வாத்து கரையைத் தோண்டுகிறதா, ஆடு இறங்கி மிதிக்கிறதா என்று பாருங்கள்.

சுண்ணாம்பு பற்றியும் ஒரு வார்த்தை. மற்ற மாவட்டத்துக்கு எழுதிய கையேட்டைப் பார்த்துவிட்டு வருஷா வருஷம் சுண்ணாம்பு போடுகிறவர்களைப் பார்க்கிறேன். புளிப்பு மண்ணுக்குத்தான் சுண்ணாம்பு. நம் பக்கத்தில் பல குட்டைகளில் பி.ஹெச். ஏற்கெனவே 8-க்கு மேல் இருக்கிறது. தாளை நனைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தண்ணீர் வேகமாக இறங்குகிறது

கசிவா, வெயில் குடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வாளி போதும். வாளியில் தண்ணீர் நிரப்பி, குட்டைக்குள் கல்லு மேல் முக்கால்வாசி முங்கும்படி வையுங்கள். வாளிக்குள் தண்ணீர் மட்டத்திலும், குச்சியில் குட்டை மட்டத்திலும் ஒரு கோடு. மூன்று நாள் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில்தான். மாசி, பங்குனியில் நாளைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேலேயே போகும். குட்டை மட்டம் வாளியை விட அதிகம் இறங்கியிருந்தால் கசிவு.

உச்சிப்புளி, மண்டபம் பக்கத்து மணலில் கசிவு சகஜம். களிமண்ணும் சாணமும் குழைத்து அடியில் மெத்துவதெல்லாம் மணலுக்கு ஓரளவுதான் தாங்கும். அங்கே தார்ப்பாய் விரிப்பதே நல்லது. இன்னொரு எச்சரிக்கை: தண்ணீர் போதவில்லை என்று கடலோர மணலில் குட்டையை இன்னும் ஆழமாக வெட்டாதீர்கள். அங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய ஏடு மாதிரி மிதந்துகொண்டிருக்கிறது. ஏட்டைத் தாண்டினால் உப்புதான். கிணற்றில் ஒரே மூச்சாக நாலு மணி நேரம் மோட்டார் ஓட்டினாலும் அடியிலிருந்து உப்பு மேலே ஏறிவிடும். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி என்று விட்டு விட்டு இறையுங்கள்.

மிளகாய் இலை நுனி கருகுகிறது, பாத்தியில் வெள்ளை பூக்கிறது

இந்தக் கடற்கரையில் அதிகம் கேட்கிற கேள்வி இது. அதிகமாகத் தப்பான பதில் சொல்லப்படுவதும் இதற்குத்தான். நோய் என்று மருந்தடிக்கிறார்கள், சத்துக் குறைவு என்று யூரியா போடுகிறார்கள். குட்டைத் தண்ணீரை மீட்டரில் பார்ப்பதில்லை.

வெயில் தண்ணீரை மட்டும்தான் கொண்டுபோகும், உப்பை விட்டுவிட்டுப் போகும். மார்கழியில் 5 அடித் தண்ணீரில் மீட்டர் 800 காட்டினால், பங்குனியில் தண்ணீர் பாதியாகும்போது 1,600-ஐ நெருங்கியிருக்கும். மீன் நன்றாகத்தான் துள்ளும். அதைப் பார்த்துத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நம்பிக் கொல்லைக்குப் பாய்ச்சுகிறோம். கட்லா, ரோகு, மிருகால் என்ற கெண்டை வகைகள் 3,000 வரை சிரமப்படாது, 5,000 வரையும் தாக்குப்பிடிக்கும். மிளகாய்க்கு 700 தாண்டினாலே மகசூல் குறையத் தொடங்கும், 1,000-க்கு மேல் தொடர்ந்து பாய்ச்சினால் நிச்சயம் அடிபடும். அவரை, பீன்ஸ் இன்னும் நோஞ்சான். கத்தரி கொஞ்சம் தாங்கும். பருத்தி நன்றாகத் தாங்கும். கோழிக்கு 3,000-க்கு மேல் ஆகாது. ஆடும் மாடும் பழகிவிட்டால் 5,000 வரை குடிக்கும். இந்த வரிசையைக் கொட்டில் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆகவே தண்ணீரைச் செலவழிக்கும் முறையும் இந்த வரிசைப்படி இருக்க வேண்டும். மழை முடிந்து தண்ணீர் இனிப்பாக இருக்கும் மார்கழி, தை மாதங்களில் மிளகாய்க்கு உயிர்த்தண்ணீர் கொடுத்துவிடுங்கள். மீனுக்குத்தான் தண்ணீர் வேண்டுமே என்று அப்போது பூட்டி வைத்துவிட்டுப் பங்குனியில் திறந்து விடுவது தலைகீழ் வேலை. மாசிக்குப் பிறகு மீட்டர் 1,000 தாண்டினால் அந்தத் தண்ணீர் கரையிலுள்ள தென்னைக்கும் அகத்திக்கும் பருத்திக்கும் மட்டும். எங்கள் அப்பத்தாவுக்கு மீட்டர் தேவைப்பட்டதில்லை. ஒரு சொட்டை நாக்கில் வைத்து, "இது சப்பை, இது கடுப்பு, இது மாட்டுக்கு மட்டும்" என்று மூன்றாகப் பிரித்துவிடும். மீட்டர் வாங்கிய பிறகு நான் ஒப்பிட்டுப் பார்த்தேன், பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

வெள்ளை பூத்த பாத்திக்கு வருவோம். வெள்ளையாகப் பொடிப்பொடியாகப் பூத்தால் உவர். ஐப்பசி மழைத்தண்ணீரை வரப்பு கட்டி நிறுத்தி உள்ளே இறங்க விட்டால் உப்பு கீழே போய்விடும். மண் கறுத்து, ஈரத்தில் சோப்பு மாதிரி வழுக்கி, தண்ணீர் இறங்காமல் தேங்கினால் களர். அதற்கு ஜிப்சமும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும் வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. குழப்பமாக இருந்தால் மண்ணை எடுத்துக்கொண்டு ராமநாதபுரத்திலுள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேளுங்கள்.

மழைக்காலத்திலேயே மீட்டர் 5,000 தாண்டுகிற குட்டை என்றால் கெண்டையை மறந்துவிடுங்கள். பால்கெண்டை, மடவை, கொடுவா என்று உவர்நீர் மீனுக்கு மாறலாம். அப்போது கொல்லைக்கு அந்தத் தண்ணீர் ஒரு சொட்டும் கிடையாது. உவர்நீர் மீன் பண்ணை என்றால் 2005-ஆம் வருஷச் சட்டப்படி கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவும் செய்ய வேண்டியிருக்கும், மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கழிவை வீணாக்காமல் ஒன்றுக்கு ஒன்று கொடுப்பது உப்புத் தண்ணீரிலும் நடக்கும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் கடல்விரால் கூண்டுக்குப் பக்கத்திலேயே பாசி மிதவையைக் கட்டினார்கள். மீன் கழிவிலுள்ள சத்தைக் கடற்பாசி எடுத்துக்கொண்டு வளரும். நம் மிளகாய் செய்யும் வேலையை அங்கே பாசி செய்கிறது.

மீன் சாகவில்லை, ஆனால் வளரவும் இல்லை

வீச்சு வலையில் பத்து மீன் பிடித்துப் பாருங்கள். தலை பெரிதாகவும் உடம்பு ஒட்டியும் இருந்தால் பசி. 23 சென்ட்டுக்கு 450 குஞ்சு சரியான அளவு. ஆயிரம் விட்டால் ஆயிரமும் கருவாட்டு அளவிலேயே நிற்கும். வலையில் ஜிலேபி மீன் குஞ்சு கும்பலாக வந்தால் தவிடும் புண்ணாக்கும் அவற்றின் வயிற்றுக்குப் போய்விட்டது. கோடையில் குட்டை காய்ந்து அடிமண் வெடிப்பு விட்டால் ஜிலேபியும் விராலும் தானாகத் தீரும். காயாத குட்டையில் இலுப்பைப் புண்ணாக்கு போட்டு, இருபது நாள் கழித்துக் குஞ்சு விடலாம்.

நம் பக்கத்துக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. மழை ஐப்பசியில் தொடங்குகிறது, தண்ணீர் வைகாசிவரைதான். கிடைப்பது ஏழெட்டு மாதம். விரல் நீளக் குஞ்சை மார்கழியில் விட்டால் அது பெரிசாவதற்குள் தண்ணீர் முடிந்துவிடும். ஐந்து ரூபாய் கூடக் கொடுத்தாவது சாண் நீளத்துக்குக் குறையாத, நெருக்கி வைத்து வளர்த்த பழைய குஞ்சாக வாங்கி நவம்பரிலேயே விடுங்கள். வாத்து இருந்தால் இது இரட்டிப்பு அவசியம். சின்னக் குஞ்சை வாத்து விழுங்கிவிடும்.

எண்ணிக்கை மட்டும் குறைகிறது, செத்த மீன் ஒன்றும் மிதக்கவில்லை என்றால் பறவைதான். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் சரணாலயங்களுக்கு வருகிறவை நம் குட்டைக்கும் வரும். குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறு கட்டுங்கள். நீர்க்காகம் தண்ணீரில் இறங்கி ஓடித்தான் மேலெழும்பும், கயிறு இருந்தால் இறங்கத் தயங்கும். பறவையைப் பிடிக்கவோ அடிக்கவோ கூடாது.

கோழி தண்ணீராகக் கழிகிறது, முட்டையில் மீன் வாடை

கடலோரத்தில் கோழிக்குக் கருவாட்டுத் தூசி மலிவாகக் கிடைக்கிறது. புரதம்தானே என்று அள்ளிப் போடுகிறோம். கருவாட்டில் இருக்கிற உப்பு கோழிக்குத் தாங்காது. ஓயாமல் தண்ணீர் குடிக்கும், எச்சம் தண்ணீராகும், கூண்டு ஈரமாகிப் புழு வைக்கும், அந்த ஈர எச்சம் குட்டைக்குள் விழும். உப்புப் போடாமல் காயவைத்த கழிவு மீனாக வாங்குங்கள். அதுவும் தீவனத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் முட்டையில் வாடை அடிக்கும். குடிக்க வைக்கும் தண்ணீரையும் மீட்டரில் பாருங்கள்.

ஆட்டுக்குத் தாடைக்குக் கீழே பை மாதிரி வீக்கம்

கண் இமையை மடக்கிப் பாருங்கள். சிவப்பில்லாமல் வெளுத்திருந்தால் வயிற்றுப் புழுவோ ஈரல் புழுவோ ரத்தத்தைக் குடிக்கிறது. ஈரல் புழு நத்தை வழியாக வரும், நத்தை குட்டைக் கரைப் புல்லில் இருக்கும். கால்நடை மருத்துவரிடம் புழுக்கையைக் கொடுத்து எந்தப் புழு என்று பார்த்துவிட்டு மருந்து கொடுங்கள். ஆட்டைக் குட்டையில் இறங்கவிடாமல் தொட்டியில் தண்ணீர் வையுங்கள். வாத்து நத்தையைத் தின்றுவிடும், இந்த ஒரு காரணத்துக்காகவே நான் ஆறு வாத்து வைத்திருக்கிறேன். அதற்கேற்பக் குட்டைக்குப் போகும் சாணத்தையும் குறைத்துவிட்டேன். புழு மருந்து கொடுத்த பிறகு இரண்டு வாரம் அந்தப் புழுக்கையும் சாணமும் குட்டைக்குப் போகக் கூடாது. மருந்து சாணத்தோடு வெளியேறி, மீன் தின்னும் நுண்ணுயிரைக் கொல்லும்.

அசோலா சிவக்கிறது

தீவனத்துக்கு வளர்க்கும் நீர்த்தாவரம் அசோலா. அது சிவந்தால் காரணம் வெயிலும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவும். மேலே தென்னங்கீற்று நிழல் போட்டு, சாணக்கரைசலோடு ஒரு பிடி சூப்பர் பாஸ்பேட் கரைத்து ஊற்றுங்கள். உப்பேறிய தண்ணீரில் என்ன செய்தாலும் வராது. மழைத்தண்ணீர் பிடித்து வைத்து வளர்க்க முடியாவிட்டால் விட்டுவிட்டு அகத்தி நடுங்கள்.

மீன் சேற்று வாடை அடிக்கிறது

நீலப்பச்சைப் பாசியின் வாடை அது. பிடிப்பதற்குப் பதினைந்து நாள் முன்பே எரு போடுவதை நிறுத்துங்கள். பிடித்த மீனைச் சுத்தமான தண்ணீர்த் தொட்டியில் தீவனமில்லாமல் சில நாள் உயிரோடு விட்டு எடுத்தால் வாடை குறையும்.

குட்டை நிறைய மீன், வீட்டுத் தட்டில் இல்லை

இதை யாரும் கோளாறாகச் சொல்வதில்லை. என் கணக்கில் இதுதான் பெரிய கோளாறு. தண்ணீர் வற்றும் நாளில் வியாபாரி வண்டியோடு வருகிறார், ஒரே நாளில் மொத்தமும் போய்விடுகிறது. அன்றைக்கு ஒரு குழம்பு, அடுத்த நாள் பழையபடி ரசம். முட்டையும் அப்படித்தான் கடைக்குப் போகிறது. பிள்ளைகளுக்குச் சத்துச் சேர வேண்டும் என்று தொடங்கிய வேலையில் அவர்கள் தட்டுக்கு என்ன வந்தது என்று நோட்டில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.

மாசியிலிருந்தே வாரம் ஒருமுறை வீச்சு வலை வீசி, பெரிசாக இருப்பதில் இரண்டு கிலோ வீட்டுக்கு எடுங்கள். பெரிசு குறையக் குறைய மீதிக்கு இடமும் தீனியும் கிடைத்து அது வளரும். அப்புறம், நம் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். சந்தையில் மீன் குறைந்து விலை ஏறுகிற நேரம். குட்டை வற்றுவதும் சரியாக அப்போதுதான். மொத்தத்தையும் ஒரே நாளில் இறக்காமல், தண்ணீர் இருக்கிறவரை பத்து நாளுக்கு ஒருமுறை ஊருக்குள்ளேயே விற்றால் வீட்டுக்கும் மிஞ்சும், அக்கம்பக்கத்துக்கும் கிடைக்கும், வியாபாரி சொல்லும் விலைக்கும் தலையாட்ட வேண்டியதில்லை.

கடைசி மீன் எடுத்ததும் குட்டையைக் காயவிடுங்கள். அடியில் அரை அடிக்குக் கறுப்பாக வண்டல் நிற்கும். ஆனியில் கச்சான் அடித்து அது வெடித்த பிறகு சுரண்டி எடுங்கள். கொல்லையில் பரப்புவதற்கு முன் ஒரு கை வண்டலை ஐந்து கை மழைத்தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து மீட்டரை வையுங்கள். எண் குறைவாக இருந்தால் மிளகாய்க்கு. அதிகமாக இருந்தால் தென்னைக்குக் கொட்டிவிட்டு, ஐப்பசி மழைக்குக் குட்டையைத் தயாராக வையுங்கள்.